கன்று ஈன்ற பசு மீண்டும் சினைப்படும் வகை

பால் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் கடன் பெற்று ஒரு கலப்பினப் பசுவை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பசு நல்லது, வேளைக்கு ஐந்து லிட்டர் கறக்கிறது. கடன் தவணை பால் பணத்திலிருந்து ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளப்படுகிறது. கன்று ஈன்று மூன்று மாதம் ஆகிறது, ஐந்து மாதம் ஆகிறது. பசு பருவத்துக்கு வரக் காணோம். எட்டாம் மாதத்தில் பால் பாதியாகக் குறைகிறது. வருஷம் திரும்புவதற்குள் கறவை வற்றிவிடுகிறது. வயிற்றிலோ கன்று இல்லை. தவணை நிற்கிறது, சங்கத்தின் பேரேட்டில் பாக்கி ஏறுகிறது. பசு மலடாகிவிட்டது என்று வீட்டார் முடிவு செய்து, வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாகச் சந்தையில் தரகர் கையில் அதைக் கொடுத்துவிடுகிறார்கள். மாடு போயிற்று, கடன் மட்டும் வீட்டில் தங்கிற்று.

இவ்விதம் விற்கப்படும் பசுக்களுள் பல உண்மையில் மலடு அல்ல. அவற்றின் சூற்பையில் முட்டைகள் இருக்கின்றன; கருப்பையும் பழுதின்றி இருக்கிறது. இவ்விரண்டையும் இயக்கும் சுரப்பு நீர்கள் உரிய வேளையில் உரிய அளவில் சுரக்கவில்லை என்பதே குறை. அவை ஏன் சுரக்கவில்லை என்று ஆராயப் புகுந்தால், காரணம் பெரும்பாலும் பசுவின் தீவனத் தொட்டியிலும், கறவை நின்ற காலத்தில் வீட்டார் செய்த சிக்கனத்திலும் போய் முடிகிறது. அதனை முறையாக விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

நாட்கணக்கு

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால், 365 நாளில் இந்த 280 போக எஞ்சுவது 85 நாளே. அந்த 85 நாளுக்குள் பசு மறுபடியும் சினைப்பட வேண்டும். கிராமத்து நிலைமையில் 13 மாதத்துக்கு ஒரு கன்று கிடைத்தாலும் குறை சொல்வதற்கில்லை. அதற்கும் ஈன்ற 115 நாளுக்குள் சினை நிற்க வேண்டும். முதல் 60 நாள் கருப்பைக்கு ஓய்வாக விடப்படுகிறபடியால், குடியானவர் கையில் உள்ளது 55 நாள்தான். பசு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வருவது. எனவே இந்த 55 நாளில் வாய்க்கும் பருவங்கள் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒரு பருவத்தைக் கவனியாமல் விட்டால் 21 நாள் தீனி வீணாயிற்று. நான்கு பருவத்தை விட்டால் ஏறக்குறைய மூன்று மாதம் போயிற்று.

13 மாதத்துக்கு ஒரு முறை ஈனும் பசு, தலையீற்றுக்குப் பிறகு வரும் ஆறரை வருஷத்தில் ஆறு முறை ஈனும். 18 மாதத்துக்கு ஒரு முறை ஈனும் பசு அதே காலத்தில் நான்கு முறைதான் ஈனும். பசு மிகுதியாகக் கறப்பது ஈன்ற முதல் மூன்று நான்கு மாதங்களில் ஆகையால், இரண்டாம் பசுவை வைத்திருப்பவர் இரண்டு கன்றுகளை மட்டுமின்றி, இரண்டு ஈற்றின் செழிப்பான கறவையையும் இழக்கிறார். கொட்டகையும் உழைப்பும் இரண்டு பசுக்களுக்கும் ஒன்றே.

கருப்பை பழைய நிலைக்குத் திரும்புதல்

ஈன்றவுடன் பசுவின் கருப்பை சுமார் 9 கிலோ எடையுள்ளதாக இருக்கும். ஒரு மாதத்துக்குள் அது ஒரு கிலோ அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதன் உட்புறச் சவ்வு முழுதும் புதிதாக வளர்வதற்கு மேலும் இரண்டு வாரம் வேண்டும். ஈன்றபின் 45 நாளுக்கு முன்னர் சினை ஊசி போடுவதில் பயன் குறைவு என்று சொல்வது இதனாலேயே. அறுபதாம் நாளுக்குப் பின் வரும் பருவமே பொதுவாக ஏற்றது.

நஞ்சுக்கொடி சாதாரணமாக 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். விழாதபோது அதில் கல்லையோ கட்டையையோ தொங்கவிடுவதும், கையை உள்ளே விட்டு இழுப்பதும் கருப்பைக்குக் காயத்தை உண்டாக்கி, நோய்க் கிருமிகளை உள்ளே கொண்டு சேர்ப்பனவாகும். அவ்வேளையில் கால்நடை வைத்தியரை அழைப்பதே தக்கது. ஈன்ற முதல் இரண்டு வாரம் செந்நிறமான அழுக்கு வெளியேறுவது இயற்கை. அது துர்நாற்றம் வீசினாலும், பசுவுக்குக் காய்ச்சல் கண்டாலும், மூன்று வாரத்துக்குப் பின்னும் சீழ் கலந்து வந்தாலும், கருப்பையில் அழற்சி உண்டாயிருக்கிறதென்று அறிய வேண்டும். அழற்சியுள்ள கருப்பையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி நஞ்சு சூற்பையின் வேலையையும் கெடுத்துவிடும். கன்று ஈனும் இடத்தில் சாணமும் மூத்திரமும் தேங்காமல், உலர்ந்த வைக்கோலைப் பரப்பி வைப்பது செலவில்லாத முற்காப்பு.

உடலில் செய்தி செல்லும் வழி

பசுவின் உடலில் சில சுரப்பிகள் தாம் சுரக்கும் நீரைக் குழாய் எதுவுமின்றி நேரே ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. ரத்தத்தோடு ஓடி, தொலைவிலுள்ள வேறொரு உறுப்பை அந்நீர் வேலை செய்யத் தூண்டுகிறது. இத்தகைய சுரப்பு நீருக்கு 'ஹார்மோன்' என்னும் பெயரை 1905-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் வழங்கினார். தூண்டுவது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். தாலுகா கச்சேரியிலிருந்து தபால் மூலம் கிராமத்துக்கு உத்தரவு வருவதைப் போலவே இச்சுரப்பு நீர்களும் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம்.

இனவிருத்திக்குரிய உத்தரவு மூளையின் அடிப்பாகத்தில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில் பிறக்கிறது. அங்கு சுரக்கும் ஹார்மோன் மிக நுண்ணிய அளவினது. அதன் அமைப்பை 1971-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கியுமின் ஆகிய இருவரின் குழுக்கள் பன்றி, செம்மறியாடு ஆகியவற்றின் மூளைகளிலிருந்து கண்டறிந்தன. அவ்விருவரும் 1977-ம் வருஷத்து நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். இந்த ஹார்மோன், அதற்குக் கீழே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரியிலிருந்து எப்.எஸ்.எச்., எல்.எச். என்னும் இரண்டு ஹார்மோன்கள் புறப்பட்டுச் சூற்பையை அடைகின்றன. முன்னது சூற்பையில் நீர்க்குமிழ் போன்ற முட்டைப்பைகளை வளர்க்கிறது. பின்னது அவற்றுள் பெரியதை முதிர்வித்து, வெடிக்கச் செய்து, முட்டையை வெளிப்படுத்துகிறது.

முதிரும் முட்டைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. பசு கத்துவதும், பிற மாடுகள் மேல் தாவுவதும், கண்ணாடி போன்ற வழும்பு வழிவதும் இதன் செயலே. முட்டை வெளிப்பட்ட இடத்தில் மஞ்சட் கோளம் ஒன்று உண்டாகி, புரொஜெஸ்டிரோன் என்னும் வேறொரு ஹார்மோனைச் சுரக்கும். 1934-ம் வருஷத்தில் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்ட இந்த ஹார்மோன் கருவைக் காப்பது. இது ரத்தத்தில் மிகுந்திருக்கும் வரையில் பசு பருவத்துக்கு வராது. கரு நிற்காவிடில், சுமார் 16, 17-ம் நாளில் கருப்பையிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் வெளிவந்து மஞ்சட் கோளத்தை அழித்துவிடுகிறது. தடை நீங்கியதும் அடுத்த முட்டைப்பை முதிர்ந்து, 21-ம் நாள் அளவில் மறுபடியும் பருவம் வருகிறது. கரு நின்றிருந்தால், கருவே ஒரு செய்தியை அனுப்பி மஞ்சட் கோளத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது.

சினைக்காலம் முழுதும் புரொஜெஸ்டிரோன் மிகுந்திருப்பதாலும், ஈனுவதற்கு முன் ஈஸ்ட்ரோஜனும் பெருகுவதாலும், பிட்யூட்டரியில் எல்.எச். கையிருப்பு மிகவும் குறைந்துபோகிறது. ஈன்றபின் அது மீண்டும் சேர்வதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஆனால் எப்.எஸ்.எச். முதல் வாரத்திலேயே எழுந்துவிடும். ஈன்ற 10 முதல் 14 நாளுக்குள் சூற்பையில் ஒரு பெரிய முட்டைப்பை வளர்ந்து நிற்கும். இளைத்த பசுவிலும் இது நிகழ்வதை, 1980-க்குப் பின் நுண்ணொலிக் கருவியால் சூற்பையை நேரில் பார்த்து அறிந்திருக்கிறார்கள். அந்த முட்டைப்பை வெடிக்குமா என்பதே கேள்வி. அது வெடிக்க எல்.எச். ஏறக்குறைய மணிக்கு ஒரு முறை வீதம் துடித்துச் சுரக்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டும் சுரந்தால், முட்டைப்பை சில நாள் நின்று சுருங்கிவிடும், பிறகு வேறொன்று வளரும், அதுவும் சுருங்கும். வெளியே பார்ப்பவருக்குப் பசு வெறுமனே நிற்பதாகத் தோன்றும். உள்ளே முயற்சி ஓயாமல் நடந்து, ஒவ்வொரு முறையும் கடைசிப் படியில் தடைப்படுகிறது.

உத்தரவு தடைப்படும் காரணங்கள்

முதற்காரணம் தீனிக் குறைவு. பசுவின் பால் ஈன்ற நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் உச்சத்தை எட்டுகிறது. அது தின்னும் அளவு உச்சத்தை எட்டுவதோ பத்தாவது வாரத்துக்குப் பிறகே. இடைப்பட்ட காலத்தில் வரவுக்கு மேல் செலவு செய்யும் வீட்டைப்போல் பசுவின் நிலைமை இருக்கிறது. சங்கத்துக்குச் சேமநிதி உள்ளதுபோல் பசுவுக்கு உடம்பின் கொழுப்பு சேமநிதியாகும். அதைக் கரைத்துப் பாலாகக் கொடுத்துவிட்டுத் தான் இளைக்கிறது. ஈன்ற புதிதில் பாலில் கொழுப்பு அளவு மிகவும் உயர்ந்து காண்பது சில சமயம் இதற்கு அடையாளம். கொழுப்புக்கு நல்ல விலை கிடைக்கிறதென்று மகிழும் வீட்டார், அந்தக் கொழுப்பு தீனியிலிருந்து வந்ததா, பசுவின் முதுகிலிருந்து வந்ததா என்று பசுவைத் தடவிப் பார்க்க வேண்டும்.

இந்நிலையில் ரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலினும் குறைகின்றன. ஈரல் வெளிவிடும் வளர்ச்சிப் பொருளும் குறைகிறது. கொழுப்பு கரைந்த கழிவு மிகுகிறது. இவற்றையெல்லாம் ஹைப்போதலாமஸ் அறிந்துகொள்கிறது. தன் உயிரைக் காப்பது முதல் செலவு; பிறந்த கன்றுக்குப் பால் கொடுப்பது இரண்டாம் செலவு; இன்னொரு கன்றைச் சுமப்பது அதற்குப் பின் வருவது. ஆகையால் எல்.எச். துடிப்புக்கான உத்தரவு தாமதமாகிறது. இது பசுவின் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. பற்றாக்குறை குறையத் தொடங்கியதும் உத்தரவு தானே புறப்படும். தீனி நன்றாயுள்ள பசுவில் ஈன்ற 15 முதல் 30 நாளுக்குள் முதல் முட்டை வெளிப்படுவது வழக்கம். அம்முதல் முறையில் பெரும்பாலும் பருவ அடையாளம் வெளியே தெரிவதில்லை. அடுத்த முறையே நன்றாகத் தெரியும்.

இரண்டாம் காரணம் கன்று எந்நேரமும் தாயோடு இருந்து ஊட்டுதல். கன்றின் ஸ்பரிசமும் ஓயாத ஊட்டலும் மூளையில் எல்.எச். உத்தரவை அடக்குகின்றன. நாட்டுப் பசுக்களில் இது மிகுதியாகக் காணப்படும். கறக்கும் வேளைகளில் மட்டும் கன்றை விட்டு ஊட்டச் செய்து, மற்ற நேரங்களில் பிரித்துக் கட்டுவது நலம். ஆனால் இதைச் சாக்கிட்டுக் கன்றைப் பட்டினி போடலாகாது. பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டப்பெறாத கன்று நோய்க்கு எளிதில் இரையாகும். இன்று கிடேரிக் கன்றுக்குக் கொடுக்காத பாலின் நஷ்டம், மூன்று வருஷம் கழித்துக் கறவையில் தெரியும்.

மூன்றாம் காரணம் முன் சொன்ன கருப்பை நோய். நான்காவது வெயிலின் கடுமை. சித்திரை, வைகாசி வெயிலில் பசு தீனி எடுப்பது குறைகிறது; பருவத்தின் அடையாளங்கள் மங்கி, அதன் நேரமும் குறுகுகிறது; நின்ற கருவும் முதல் வாரத்திலேயே அழிந்துவிடக் கூடும். மர நிழல், எந்நேரமும் குளிர்ந்த குடிதண்ணீர், விடியற்காலையிலும் இரவிலும் தீனி என்னும் மூன்றும் இதற்குப் பரிகாரம்.

கறவை நின்ற இரண்டு மாதம்

அங்கத்தினர்கள் மிகவும் கவனிக்கத்தக்க இடம் இதுவே. சினைப்பசுவை, ஈனுவதற்கு 60 நாள் முன்பாகக் கறவை நிறுத்திவிடுவது முறை. கறவை நின்றதும் பால் பணம் நிற்கிறது. பால் பணம் நின்றதும் பல வீடுகளில் பிண்ணாக்கும் நிற்கிறது. கறக்காத மாட்டுக்குத் தீனி எதற்கு என்று வெறும் வைக்கோலை மட்டும் போடுகிறார்கள். ஆனால் வயிற்றிலுள்ள கன்று மிகுதியாக வளர்வது அந்த இரண்டு மாதத்தில்தான். பசு கொஞ்சம் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளக் கூடிய காலமும் அதுவே. ஒரு முட்டைப்பை வளரத் தொடங்கி முதிர்வதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. எனவே ஈன்ற மூன்றாம் மாதத்தில் சினை நிற்க வேண்டிய முட்டை, ஈன்ற சமயத்தை ஒட்டியே வளரத் தொடங்கியதாகும். அச்சமயத்தில் பசு எலும்பும் தோலுமாக இருந்தால், அதன் பலன் மூன்று மாதம் கழித்துத் தெரிகிறது. அப்போது வீட்டார் காரணத்தை அன்றைய தினத்தில் தேடுகிறார்கள். காரணமோ ஐந்து மாதத்துக்கு முந்தியது.

சினைப்பசுவுக்கு இந்த 60 நாளும், பசும்புல், வைக்கோல் ஆகியவற்றோடு நாள் ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனம் கொடுத்து வந்தால், மொத்தம் செல்வது 90 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் இரண்டு மூட்டைக்கும் குறைவு. இந்த இரண்டு மூட்டையைச் சேமிக்கப் போய், மூன்று மாதக் கறவையையும், சில சமயம் பசுவையே கூடவும், குடியானவர் இழந்துவிடுகிறார்.

பசுவின் புஷ்டியைக் கண்ணாலும் கையாலும் அறியலாம். ஈனும் சமயத்தில் விலாவெலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தொலைவிலிருந்து எண்ணும்படி துருத்தி நிற்கக்கூடாது. வாலடியின் இரு பக்கத்திலும் ஆழமான குழி இருந்தால் பசு இளைத்திருக்கிறது. குழியே இன்றிக் கொழுப்புத் திரண்டிருந்தால் பசு அளவுக்கு மேல் கொழுத்திருக்கிறது. அதுவும் நல்லதன்று, மிகக் கொழுத்த பசு ஈன்றபின் தீனியை வெறுத்து, விரைவில் இளைத்துப் போகும்.

ஈன்றபின் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். உடலுக்காக ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவும், பாலுக்காக ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோவும் என்பது பொதுக்கணக்கு. பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, ஐந்து கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். பலம் வரட்டும் என்று கஞ்சியையும் சோற்றையும் ஒரே வேளையில் நிறையக் கொடுப்பது ஆபத்து. வயிற்றில் புளிப்பு மிகுந்து பசு படுத்துவிடும். வைக்கோலில் பாஸ்பரஸ் முதலிய தாதுக்கள் குறைவாகையால், கறவைப் பசுவுக்கு நாள்தோறும் 50 கிராம் தாது உப்புக் கலவை சேர்க்க வேண்டும். கறவை நின்ற பசுவுக்குரிய அளவைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு அறியலாம். வரப்பிலும் வேலியிலும் அகத்தி, வேலிமசால் வளர்ப்பவருக்குப் பிண்ணாக்குச் செலவில் ஒரு பகுதி மிச்சமாகும்.

பருவத்தை அறிதல்

உத்தரவு ஒழுங்காகச் சென்று பருவம் வந்தும், அதை எவரும் பாராதிருந்தால் பயனில்லை. பருவம் சாதாரணமாக 12 முதல் 18 மணி நேரமே நிற்கும். இரவில் தொடங்கி விடிந்ததும் மங்கிவிடுவதும் உண்டு. ஆகையால் விடியற்காலையிலும், மாலையிலும், படுக்கப் போகுமுன்னும் பசுவைச் சிறிது நேரம் நின்று கவனிக்க வேண்டும். கட்டுத்தறியிலேயே நிற்கும் பசு தாவிக் காட்ட இயலாது. அமைதியின்மை, அடிக்கடி கத்துதல், அடிக்கடி மூத்திரம் பெய்தல், தீனியும் பாலும் திடீரெனக் குறைதல், தெளிந்த வழும்பு நூலாக வழிந்து வாலிலும் தொடையிலும் ஒட்டியிருத்தல் ஆகியவற்றைக் கொண்டே அறிய வேண்டும். பிற மாடு மேலே தாவும்போது அசையாமல் நிற்பதே ஐயமற்ற அடையாளம். எருமையில் இவ்வடையாளங்கள் மேலும் மங்கலாகவே இருக்கும்.

முட்டை வெளிப்படுவது பருவம் ஓய்ந்து 10 முதல் 12 மணி நேரம் கழித்தே. எனவே காலையில் பருவம் கண்ட பசுவுக்கு அன்று மாலையிலும், மாலையில் கண்ட பசுவுக்கு மறுநாட் காலையிலும் சினை ஊசி போடுவது முறை. பருவம் கழிந்து இரண்டு மூன்று நாளில் சில பசுக்களுக்குச் சிறிது ரத்தம் கலந்த வழும்பு காணும். அது சினை நின்றதற்கோ நில்லாததற்கோ அடையாளம் அன்று. பருவம் வந்து போயிற்று என்பதற்கே அது சான்று. கவனியாமல் விட்டவர் அன்றிலிருந்து எண்ணி, 17-ம் நாள் முதல் விழிப்புடன் இருந்தால் அடுத்த பருவத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஊசி போட்ட பசு 21-ம் நாளில் பருவத்துக்கு வராவிட்டால் மட்டும் சினை என்று முடிவு செய்யலாகாது. 60 நாள் சென்றதும் வைத்தியரைக் கொண்டு சோதித்து உறுதி செய்ய வேண்டும்.

ஹார்மோன் ஊசியைப் பற்றி

ஈன்று 90 நாள் கடந்தும் பருவம் காணாத பசுவைக் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். அவர் முதலில் அறிய விரும்புவது சூற்பை என்ன நிலையில் உள்ளது என்பது. சூற்பை செயலற்று வழவழப்பாக இருக்கலாம், மஞ்சட் கோளம் அழியாது தங்கியிருக்கலாம், நீர்க்கட்டி இருக்கலாம், அல்லது ஊர்க்காளை எப்போதோ சேர்ந்து பசு சினையாகவே இருக்கவும் கூடும். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. உதாரணமாக, புரோஸ்டாகிளாண்டின் ஊசி மஞ்சட் கோளம் உள்ள பசுவுக்கே பயன்படும். சினைப்பசுவுக்குப் போட்டுவிட்டால் கருவைக் கலைத்துவிடும். சோதனையின்றி எவரோ கொண்டுவரும் ஊசியைப் போடச் செய்வது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும். மேலும், இளைத்துப்போன பசுவுக்கு ஹார்மோன் கொடுத்துப் பருவத்தை வரவழைத்தாலும், சினை நிற்பது அருமை. தீனியைச் சீர்ப்படுத்திய பின் கொடுக்கும் சிகிச்சைக்கே பலன் அதிகம்.

சங்கம் செய்யத்தக்கவை

சங்கம் பாலை அளந்து வாங்குவதோடு தன் கடமை முடிந்ததென்று கருதலாகாது. அங்கத்தினர் கடனைத் தீர்ப்பது பசுவின் மடியிலிருந்து. மடி நிறைவது கருப்பையிலிருந்து. ஆதலின் பின்வருவனவற்றை நிர்வாகக் கமிட்டியார் ஆலோசிப்பது நலம்.

முதலாவது, பால் புத்தகத்தோடு ஒரு சினைப் புத்தகமும் வைக்கலாம். பசு ஈன்ற தேதி, நஞ்சுக்கொடி விழுந்த நேரம், முதற் பருவம் கண்ட தேதி, ஊசி போட்ட தேதி, சினை உறுதியான தேதி, கறவை நிறுத்த வேண்டிய தேதி ஆகிய ஆறு பத்திகள் போதும். மாதம் ஒரு முறை, ஈன்று 60 நாள் கடந்தும் ஊசி போடாத பசுக்களின் பட்டியலையும், 90 நாள் கடந்தும் பருவம் காணாதவற்றின் பட்டியலையும் எடுத்து, இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றை ஒரே நாளில் வைத்தியர் பார்க்க ஏற்பாடு செய்யலாம். காலையிலும் மாலையிலும் பால் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்மக்கள். பருவத்தை முதலில் காண்பவரும் அவர்களே. ஆகையால் தேதிகளை அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும்.

இரண்டாவது, கறவை நின்ற 60 நாளைக்கு வேண்டிய 90 கிலோ தீவனத்தைச் சங்கம் கடனாகக் கொடுத்து, ஈன்றபின் பால் பணத்தில் வாரந்தோறும் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்தால் வேறு செலவுக்குப் போய்விடும். தீவனமாகக் கொடுத்தால் தொட்டிக்குப் போகும். கடன் சிறியது, காலம் குறுகியது, திரும்பும் வழி தெளிவானது. பசு வாங்கக் கொடுத்த பெருங்கடனுக்கு இச்சிறு கடனே காவலாக நிற்கும்.

மூன்றாவது, தாது உப்புக் கலவையை மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். நான்காவது, 90 நாள் பட்டியலில் உள்ள பசுவை வைத்தியர் பாராமலும், இரண்டு மாதம் நல்ல தீனி கொடுத்துப் பாராமலும் விற்பதில்லை என்று அங்கத்தினர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

தொடக்கத்தில் சொன்ன குடியானவரின் பசு ஐந்தாம் மாதத்திலும் பருவம் காணாமல் நின்றது. அது ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதத்தில் என்ன தின்றது என்று எவரும் அவரைக் கேட்கவில்லை; கேட்பதற்கு ஒரு புத்தகமும் இல்லை. அந்தக் கேள்வியை உரிய காலத்தில் கேட்கும் சங்கத்தில், பசு சந்தைக்குப் போகாமல் கொட்டகையிலேயே நின்று அடுத்த கன்றை ஈனும். பேரேட்டில் பாக்கியும் தீரும்.